நாற்பத்தேழாம் நம்பர் பதில் சொன்ன மத்தியானம்

எங்கள் தோட்டத்தில் பேய் பார்க்காத ஆள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பழைய ரப்பர் பால் கொட்டகைக்குப் பின்னால் வெள்ளைச் சேலை நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு, செம்பனைக் காட்டுக்குள் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டவர்கள் உண்டு, மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் யாரோ ஏறி உட்கார்ந்து வண்டி கனத்துப்போனது என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. நானும் அதே பாதையில்தான் இத்தனை வருடமாக நடக்கிறேன். ஒருமுறை அந்த வெள்ளைச் சேலையை நானும் பார்த்தேன். கிட்டே போனால் யாரோ காயப்போட்டு மறந்துபோன வேட்டி. மடித்து எடுத்துக்கொண்டு போய் உரியவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அப்படிப்பட்ட ஆள் நான். ஆகவே இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன். ஆனால் இது நடந்தது. இருட்டில்கூட இல்லை, வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, கல்யாண வீட்டில் நடந்தது.

கல்யாணம் என் அண்ணன் மகள் கவிதாவுக்கு. அவள் சிரம்பானில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை அங்கே பக்கத்தில் பாரோய் ஊர்க்காரர், பெயர் சிவபாலசுந்தரம். நல்ல பையன், பெயர்தான் கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை தம்பின் டவுன் கோயில் மண்டபத்தில் தாலி, அதற்கு முதல் நாள் சாயங்காலம் தோட்டத்தில் அண்ணன் வீட்டிலேயே நலங்கு. அந்த நலங்கில்தான் சிக்கல் வந்தது.

கவிதாவின் அம்மா, அதாவது என் அண்ணி லெட்சுமி, ஆறு வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார். அவர் இருந்தவரை எங்கள் தோட்டத்தில் அவர் பாடாமல் ஒரு நலங்கும் நடந்ததில்லை. பாட்டை அவரே கட்டுவார். மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டல் செய்வார், பெண்ணின் மூக்கைக் கிண்டல் செய்வார், சந்தனம் அரைத்துக் கொடுத்தவர்களைக்கூட விடமாட்டார். கூடம் முழுக்கச் சிரிக்கும். கவிதா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, புதிதாக வாங்கிய மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, அண்ணியை ஒரு நலங்குப் பாட்டு பாடச் சொல்லி வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்திருந்தாள். அந்தப் பாட்டைத் தன் நலங்கில் போடவேண்டும் என்பதுதான் அவள் ஆசை, வேறு எதையும் அவள் கேட்கவில்லை, நகைகூடக் கேட்கவில்லை.

"அம்மா பாட்டு இல்லன்னா எனக்கு நலங்கு வேணாம்பா. நேரா ஞாயித்துக்கெழம வந்து தாலி கட்டிக்கிறேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், அந்தப் பிடிவாதமும் அண்ணியிடம் இருந்து வந்தது.

அந்தப் பாட்டு தன் கைப்பேசியில் இருக்கிறது என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். தேடிப் பார்த்து இல்லை என்று தெரிந்தது எப்போது தெரியுமா, வெள்ளிக்கிழமை மத்தியானம், இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி போட்டு முடித்த பிறகு. போனைக்கூட அவளால் தொடமுடியவில்லை, பக்கத்தில் இருந்த நான்தான் அவள் சொல்லச் சொல்ல விரலால் தள்ளித் தள்ளித் தேடினேன். கடைசியில், பழைய கம்ப்யூட்டரில்தான் இருக்கவேண்டும் என்றாள்.

அது உள் அறையில் துணி மூட்டைகளுக்கு நடுவில் ஆறு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் தூசி தட்டி மேசையில் வைத்து சுவிட்சைப் போட்டார். கடக் கடக் என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது, ஆனாலும் திரை வந்துவிட்டது. பாட்டும் இருந்தது, 'அம்மா நலங்கு' என்று பெயர் போட்டு. ஆனால் அமுக்கினால் ஸ்பீக்கரில் கொர் என்ற சத்தம் மட்டும்தான் வந்தது, அண்ணி வரவில்லை. பெண்டிரைவைக் குத்தினேன், மொத்த மெஷினும் அணைந்துவிட்டது. மறுபடி சுவிட்சைப் போட்டால் ஒருமுறை வரவில்லை, இரண்டாம் முறையும் வரவில்லை, மூன்றாம் முறை போனால் போகிறது என்று வந்தது.

இதையெல்லாம் நான் ஏன் செய்தேன் என்றால், நான் தம்பினில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக இருக்கிறேன், பிள்ளைகளின் வருகையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை, அதற்காக ஒரு பழைய மடிக்கணினி வாங்கி வைத்திருக்கிறேன். அதனால் எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று எனக்குப் பெயர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவத்தோடு நின்றவள் நான். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் தெரிந்ததையும் தப்பாக அடிப்பேன். அன்றைக்குக் கல்யாண வீடு, நாலு பேர் இல்லை, கதவு நிறைய தலைகள்.

மடிக்கணினியை எனக்கு விற்ற ஜோசப்பைக் கூப்பிட்டேன். தம்பினில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அண்ணன் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, அந்தக் கடக் கடக் சத்தம் எனக்கு இங்க கேக்குது" என்றார் ஜோசப். "இன்னொரு தடவ அணைச்சீங்கன்னா அது எழுந்திருக்காது. அப்படியே விடுங்க. பின்னாடி நெட் வாயர் குத்துற ஓட்டை இருக்கா பாருங்க."

இருந்தது.

"ஒங்க லேப்டாப்லயும் அது இருக்கு, நான்தான குடுத்தேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு வாயர் போடுங்க. இன்டர்நெட் வேணாம், ஒன்னும் வேணாம். இது அதோட நேரா பேசும்லா."

அண்ணன் மழையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு தம்பினுக்குப் போய் வாயர் வாங்கி வந்தார். நீல நிறத்தில் ஒரு பெரிய கட்டு. இரண்டு மெஷினுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடம்.

"எவ்ளோ நீளம்னு கேட்டான். பத்தாம போயிட்டா மழையில மறுபடி போவணுமேன்னு இருவது மீட்டர் வாங்கிட்டேன்" என்றார் அண்ணன்.

"இன்னும் கொஞ்சம் வாங்கியிருந்தா பாரோய் வரைக்கும் இழுத்திருக்கலாம்பா" என்றாள் கவிதா. "நேரா அவரோடயே பேசியிருப்பேன்."

மிச்ச வாயரை அண்ணன் தன் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டார். கதவில் நின்றவர்களுக்கு அது போதும், சிரிப்பு அடங்க நேரமானது.

அடுத்து ஜோசப் நம்பர் கொடுக்கச் சொன்னார். இரண்டு மெஷினுக்கும் ஆளுக்கொரு நம்பர் வேண்டுமாம். லயத்து வரிசை வீடுகளின் நம்பர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், முன்னால் வரும் நம்பர்கள் தோட்டத்துப் பெயர் மாதிரி, அது இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், கடைசி நம்பர் மட்டும் வேறு வேறாக இருக்கவேண்டும், அது உங்கள் இஷ்டம் என்றார். என் மடிக்கணினிக்கு நான் 48 என்று அடித்தேன். பழையதுக்கு 47. யோசித்துச் செய்யவில்லை, கை தானாக அடித்தது. அது எங்கள் செக்ரோல் நம்பர், அதாவது தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தில் எங்களுக்கு இருந்த நம்பர். அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் அவரும் நானும் ஒரே நாளில் வேலைக்குப் பெயர் கொடுத்தோம். அண்ணிக்கு 47, எனக்கு 48.

பழைய மெஷினில் அந்த 47ஐ அடித்தபோது உள்ளே இருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் வந்து திரை அப்படியே உறைந்துவிட்டது.

"அத்தை, கைய எடுங்க, கைய எடுங்க" என்று கவிதா பதறினாள். நான் சுட்டுக்கொண்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி மறுபடி பழைய கடக் கடக்குக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்த மெஷினை ஒருவரும் தொடவேண்டாம் என்று முடிவு செய்து, நான் என் மடிக்கணினிக்குத் திரும்பினேன்.

இப்போது கூப்பிட்டுப் பார்க்கவேண்டும். கறுப்புத் திரையில் 'பிங்' என்று ஒரு சொல்லை அடித்து, அந்தப் பக்கத்து நம்பரையும் அடித்து என்டர் தட்டினால், என் மெஷின் நான்கு தடவை கூப்பிடும், அது நான்கு தடவை பதில் சொல்லவேண்டும். ஜோசப் இப்படி விளக்கியதும் அண்ணன், "பெரட்டு எடுக்குற மாதிரி" என்றார். பெரட்டு என்றால் விடியற்காலையில் வேலைக்குப் போகுமுன் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு ஆள் எடுப்பது.

கூப்பிட்டேன். நான்கு தடவையும் பதில் இல்லை என்று நான்கு வரி வந்தது.

ஜோசப் என்னென்னவோ சொன்னார். வாயரைக் கழற்றிக் குத்தச் சொன்னார், குத்தினேன். பின்னால் சின்ன விளக்கு மின்னுகிறதா என்றார், மின்னியது. வெளி ஆளை உள்ளே விடாத ஃபயர்வால், அதாவது என் மெஷினின் காவலை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். மறுபடி கூப்பிட்டேன், மறுபடி நான்கு வரி. அதற்குள் அவர் கடைக்கு ஆள் வந்துவிட்டது. "பத்து நிமிசத்துல கூப்புடுறேங்கா, ஒன்னும் தொட்றாதீங்க" என்று வைத்துவிட்டார்.

வெளியே மழை கொட்டியது. கவிதாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்க முடியாது, இரண்டு கையிலும் மருதாணி, அவள் தலையை மேலே தூக்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். அண்ணன் தோளில் கிடந்த வாயரை ஒதுக்கிவிட்டுத் துண்டை எடுத்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வது மாதிரி அவள் மூக்கைப் பிடித்துத் துடைத்தார். பிறகு அவளைச் சிரிக்கவைக்க நினைத்தோ என்னவோ, என்னைக் காட்டிச் சொன்னார்.

"ஒங்கத்தையும் இந்த கம்புட்டர் மாதிரிதான். பெரட்டுல மண்டோரு நாப்பத்தெட்டுன்னு கூப்பிட்டா இவளுக்கு வாயே தொறக்காது. ரெண்டு தடவ கூப்பிட்டு பதிலு வரலன்னா கோடு போட்டுருவான், அன்னிக்கி வேல இல்ல. ஒங்கம்மாதான் பின்னாலருந்து கத்துவா. 'நாப்பத்தெட்டு இருக்கு மண்டோரே, முன்னாடி மரமாட்டம் நிக்கிதே, ஒனக்குக் கண்ணு தெரியலியா'ன்னு."

"நெசமாவா அத்தை?"

"நெசந்தான்" என்றேன். "மூனு வருசம் அண்ணிதான் எனக்குப் பதில் சொன்னாங்க. ஒரு தடவ நான் காய்ச்சல்ல வீட்டுல படுத்திருக்கேன், பழக்கத்துல அன்னிக்கும் இருக்குன்னு கத்திட்டாங்க. மண்டோரு காடு முழுக்க என்னைத் தேடியிருக்கான்."

கவிதா சிரித்துவிட்டாள். கதவில் நின்றவர்களும் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே, சும்மா இருக்கமுடியாமல் மறுபடி அந்த நம்பரைக் கூப்பிட்டு என்டர் தட்டினேன்.

முதல் வரி, பதில் இல்லை. இரண்டாவது வரி, 47இல் இருந்து பதில். பதில் வர எவ்வளவு நேரமானது என்று அதிலேயே போடும், கிட்டத்தட்ட மூன்று விநாடி ஆகியிருந்தது. மூன்றாவது வரி, பதில், ஒரு விநாடிக்கும் குறைவு. நான்காவது, பதில், நேரமே இல்லை, கூப்பிட்டவுடன். தூரத்தில் இருந்து யாரோ நடந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்ட மாதிரி. இப்படி எனக்கு அப்போது தோன்றவில்லை, அப்போது இருந்த சந்தோஷத்தில் எதுவும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது, கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

ஜோசப் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்தபடி மேலே இருந்த நீளமான பெட்டியில் 47ஆம் நம்பரை அடித்தேன். அண்ணியின் பெட்டி திறந்தது. நான் அப்படித்தான் சொல்வேன். உள்ளே 'அம்மா நலங்கு' இருந்தது. இழுத்து என் பக்கம் போட்டேன், ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போய் முடிந்தது. முடிந்ததும் அமுக்கினேன்.

முதலில் மைக்கைத் தட்டும் சத்தம். பிறகு, "இதுல பேசுனா கேக்குமாடி?" என்று அண்ணி.  பிறகு பாட ஆரம்பித்தார்.

மஞ்சள அரைச்சி வெச்சோம்,
மாவிலையும் கட்டி வெச்சோம்,
மானாட்டம் குனிஞ்சி நிக்கும்
மவளே நீ வாயத் தொற,
மாலையோட வந்து நிக்கும்
மாப்புள்ள பேரச் சொல்லு.

அந்த இடத்தில் பாட்டை நிறுத்தி, "பேரு நீங்களே போட்டுக்குங்க, எனக்கு எப்புடித் தெரியும், இவளுக்கு இப்பத்தான் பதினாறு ஆவுது" என்று சொல்லி, கொஞ்சம் இடம் விட்டு, ஒரு சிரிப்புச் சிரித்து, மறுபடி பாட்டைத் தொடர்ந்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் வாயரைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார், சுருட்டி முடித்ததை மறுபடி பிரித்துச் சுருட்டினார்.

"அத்தை, அம்மா விட்ட எடத்துல 'சிவ'ன்னு சொல்றதுக்குள்ள சிரிச்சிடுறாங்க. முழுப்பேரு அதுல அடங்காது" என்றாள் கவிதா. "நாளைக்கு அந்த எடம் வந்ததும் நீங்க நிறுத்துங்க. எல்லாரும் பேரச் சொல்லட்டும். சொல்லி முடிச்சதும் மறுபடி விடுங்க. கரெக்டா செய்யணும்."

"நானா?" என்றேன்.

"நீங்கதான். கம்புட்டர் தெரிஞ்சவங்க."

அந்த நேரத்தில் ஜோசப் மறுபடி கூப்பிட்டார். பாட்டு வந்துவிட்டது என்று சொன்னதும் அவருக்கும் சந்தோஷம். "எப்புடிக்கா வந்துச்சி, பழையதுல காவல நிறுத்த நான் சொல்லவே இல்லியே" என்றார். நிறுத்தவில்லை என்றேன். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை என்றேன். சரி, பத்திரமாக அணைத்துவிடலாம் என்று சொன்னார். அணைப்பதற்காக மவுசை அசைத்தேன், உறைந்திருந்த திரையில் அம்பு நகர்ந்தது, அப்போதுதான் பழைய மெஷினின் திரையைச் சரியாகப் பார்த்தேன். நம்பர் அடித்த அந்தச் சின்னக் கட்டம் அப்படியே திறந்து கிடந்தது. 47 என்று நான் அடித்தது இருந்தது. அதற்குக் கீழே 'ஓகே' என்ற பொத்தான் காத்துக்கொண்டிருந்தது.

நான் அதை அமுக்கவே இல்லை. சத்தம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டேன் அல்லவா, அதோடு சரி.

ஜோசப்பிடம் சொன்னேன்.  அவர் அந்த மெஷினிலேயே கறுப்புத் திரையைத் திறந்து அதன் நம்பர் என்ன என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். 169 என்று ஆரம்பிக்கும் வேறு ஏதோ நம்பரைக் காட்டியது.

"அப்படின்னா அதுக்கு நம்பரே இல்லன்னு அர்த்தங்கா. ஒருத்தரும் குடுக்கலன்னா அதுவா ஏதோ ஒன்ன வெச்சிக்கிட்டு நிக்கும். ஒங்களோடதும் அதுவும் பேசவே முடியாது. இப்ப மறுபடி 47அ கூப்பிட்டுப் பாருங்க."

கூப்பிட்டேன். நான்கு வரி, நான்கிலும் பதில் இல்லை. வாயர் அதே வாயர், விளக்கு மின்னுகிறது, ஒருவரும் எதையும் மாற்றவில்லை.

"நீங்க தப்பா படிச்சிருப்பீங்க" என்றார் ஜோசப். நானும் அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டேன். ஆனால் பாட்டு என் மெஷினில் இருந்தது. அண்ணனும் அந்த நான்கு வரியைப் பார்த்தார். நான் நம்பர் அடித்த அந்த நீளமான பெட்டியில் கிளிக் செய்தால் இதுவரை போன இடங்களைக் காட்டும், அதில் இன்றைக்கும் அந்த 47 இருக்கிறது. பிறகு நான் கடைக்கே எடுத்துப் போய்க் காட்டினேன். ஜோசப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பாட்டு வந்துச்சில்ல, விடுங்கக்கா" என்றார். விளக்கம் இருந்தால் சொல்லுங்கள் என்று இதைப் படிக்கிறவர்களிடமும் கேட்கிறேன், எனக்குக் கோபம் வராது.

பழைய மெஷினை அன்றைக்கு அணைத்ததோடு சரி, மறுபடி எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மழை விட்டுவிட்டது. நலங்குக்கு எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு கூட்டம், அண்ணி பாடப்போகிறார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், ரஹாங்கில் இருந்துகூட இரண்டு கார் வந்தது. மடிக்கணினியை ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டூலில் வைத்து, அண்ணன் இரவல் வாங்கி வந்த பெரிய ஸ்பீக்கரை அதில் இணைத்திருந்தோம். நான் அதற்குப் பக்கத்திலேயே நின்றேன், விரலைப் பொத்தானுக்கு மேலேயே வைத்துக்கொண்டு. எத்தனையாவது விநாடியில் நிறுத்தவேண்டும் என்பதைக் காலையில் இருந்து மனப்பாடம் செய்திருந்தேன்.

சுமங்கலிகள் ஒவ்வொருவராக நலங்கு வைத்தார்கள். கவிதா மணையில் உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் மஞ்சள். பாட்டைப் போட்டேன். "இதுல பேசுனா கேக்குமாடி?" என்று அண்ணி கேட்டதும், "கேக்குது லெட்சுமி, கேக்குது" என்று பின்னால் இருந்து ஒரு குரல், ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் கவிதா என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தை, நீங்க இன்னும் வெக்கலியே. வாங்க."

பாட்டு போகிறது, நான் நிறுத்தவேண்டும், வரமாட்டேன் என்று தலையை ஆட்டினேன். யார் கேட்கிறார்கள்? இரண்டு பேர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவளுக்கு முன்னால் உட்காரவைத்து, என் இரண்டு உள்ளங்கையிலும் சந்தனத்தை அள்ளி வைத்துவிட்டார்கள். எனக்கும் மடிக்கணினிக்கும் நடுவில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு அந்த இடத்தை நெருங்கியது.  மாப்புள்ள பேரச் சொல்லு, என்று பாடி, இவளுக்கு இப்பத்தான் பதினாறு ஆவுது, என்று சொல்லி அண்ணி நிறுத்தினார்.

"சிவபாலசுந்தரம்" என்று பெண்கள் எல்லாம் சேர்ந்து கத்தினார்கள். வீடே அதிர்ந்தது. கவிதா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். பாட்டு வரவில்லை. "இன்னொரு தடவ" என்றது ஒரு குரல், மறுபடி கத்தினார்கள். அப்போதும் வரவில்லை. அப்போது யாரோ சமையலறை வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்து, "மாரிமுத்து, மாமனாரு நீ ஒரு தடவ சொல்லு, சும்மா நின்னா எப்புடி" என்றார்கள். அண்ணன் மறுத்தார், தலையைச் சொறிந்தார், தொண்டையைக் கனைத்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிப்பது மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, "சி வ பா ல சுந் த ரம்" என்றார்.

அவர் முடித்ததும் அண்ணி சிரித்தார். சிரித்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார். கூடம் கைதட்டலில் மூழ்கிவிட்டது. எத்தனையோ நலங்கு பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

நான் மட்டும் இரண்டு கையிலும் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் கலைந்ததும் ஓடிப்போய் மடிக்கணினியைப் பார்த்தேன். பாட்டு முடிந்து சும்மா நின்றிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன், யாராவது தொட்டீர்களா என்று. நாங்கள் எதற்குத் தொடுகிறோம், நீதானே அதைப் பார்த்துக்கொள்கிறாய் என்றார்கள். வீடியோ எடுத்தவரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். அவர் கொடுத்த வீடியோவில் அந்த இடம் முழுக்க ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருந்தார்.

அன்று எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள். செல்வி எவ்வளவு சரியாக நிறுத்தினாள், அண்ணன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து எவ்வளவு சரியாக விட்டாள் என்று. இல்லை என்று சொல்லப் பார்த்தேன், என் குரல் அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். அதற்குப் பிறகு தோட்டத்தில் யார் வீட்டு நலங்கு என்றாலும், லெட்சுமி பாட்டைக் கொண்டு வா, நீயே வந்து நிறுத்து என்று கூப்பிடுகிறார்கள். நானும் மறுக்காமல் போகிறேன், போனால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இதுவரை நான்கு நலங்கு. நான்கிலும் நானேதான் பொத்தானை அமுக்கினேன், ஒன்றில் முன்னால் அமுக்கிவிட்டேன், ஒன்றில் அண்ணி சிரித்த பிறகு அமுக்கினேன், மற்ற இரண்டில் பெயரை முடிப்பதற்குள் விட்டுவிட்டேன். சாப்பாட்டுப் பந்தியில் யாராவது ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே சொல்கிறார்.

"இருந்தாலும் கவிதா நலங்குல நிறுத்துன மாதிரி ஒனக்கு மறுபடி வரவே இல்ல செல்வி."